கை நனைத்தவர்கள்

கோயமுத்தூர்ப் பக்கம் சி.எஸ்.ஐ. சபையொன்றில் அறுப்பின் பண்டிகை என்றால், ஆராதனை முடிந்த கையோடு அன்பின் விருந்து. ஆலய வளாகத்தில் பந்தல், பாக்குமட்டைத் தட்டு, பிரியாணி, தயிர் வெங்காயம். நூற்பாலை அதிகாரி, ஆலயம் கூட்டுகிறவர், குருவானவர் எல்லாரும் ஒரே வரிசையில். யார் சமைத்தது என்று கேட்டால், "கேட்டரிங்குங்க, மாஸ்டர் ஈரோட்டுக்காரர்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு காலத்தில் முழுப் பேச்சும் அதைப் பற்றித்தான் இருந்தது. 1850இல் சென்னையில் கூடிய மிஷனரி மாநாடு, சாதியை விட்டுவிட்டேன் என்று ஒருவர் வாயால் சொன்னால் போதாது என்று முடிவெடுத்தது. பறையர் ஆக்கிய உணவைச் சமயம் வாய்க்கும்போது தயங்காமல் உண்டு காட்ட வேண்டும். லைப்சிக் லுத்தரன்காரர்கள் இதற்கு உடன்படவில்லை. 1830இல் ஆடிஸ் பாதிரியார் மூலம் கோயமுத்தூரில் கால் ஊன்றிய லண்டன் மிஷன் தீர்மானத்தின் பக்கம் நின்றது. இந்த மாநாட்டுக்கு முன்பே, 1833இல், சபைக்குள் சாதி வேறுபாடு உடனே ஒழிய வேண்டும் என்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டிருந்தார். அப்படிப்பட்ட கட்டாயத்தைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரிய மனிதர்களே எதிர்த்தார்கள்.

கத்தோலிக்கர்களுக்கு இந்தச் சிக்கல் இன்னும் பழையது. மதுரையில் இயேசு சபைக் குரு நோபிலி பிராமணச் சமையல்காரர் வைத்துச் சைவ உணவு உண்டார். அந்த முறையில் ஒடுக்கப்பட்ட மக்களை நெருங்க முடியாது என்பதால்தான் 1640 முதல் 'பண்டாரசாமி' என்ற தனி வகைத் துறவிகள் வந்தார்கள். எந்தக் குருவிடம் யார் வரலாம் என்பதையே சோற்றுப் பானை தீர்மானித்த காலம். கோயமுத்தூரின் முதல் ஆயர் பிரெசியாக், சாதி வழக்கங்களுக்கு இடம் கொடுத்த மலபார்ச் சடங்குகள் பற்றிய சர்ச்சையில் மனம் ஒப்பாமல் 1855இல் பதவியையே விட்டுப் போனார்.

விருந்தைப் பரீட்சையாக்கியதில் முரட்டுத்தனம் இருந்தது, மறுப்பதற்கில்லை. உண்ண வருகிறவனைச் சாட்சி வைத்துக் கண்காணித்தால் அது விருந்தோம்பலாகுமா? ஆனாலும் அடி விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது என்பது என் கட்சி. அந்தத் தீர்மானத்தால் செய்ய முடியாததில் பாதியை மிஷன் போர்டிங் பள்ளிகள் சத்தமில்லாமல் செய்தன. ஒரே பானைச் சோற்றை உண்டு வளர்ந்த பிள்ளைக்குத் தனியாக யாரும் தீட்டு ஒழிப்புப் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

கிராமத்தில் அன்று நிலைமை வேறு. டீக்கடையில் தனிக் குவளை, சில ஊர்களில் தேங்காய்த் தொட்டி. அந்த ஊரின் சேரிக்கு ஐயர் (சபைக் குருவை அப்படித்தான் சொல்வார்கள்) மாட்டு வண்டியிலோ சைக்கிளிலோ வந்து இறங்குவார். ராகிக்களியும் கொள்ளு ரசமும் போதும். கொஞ்சம் வசதியிருந்தால் அரிசிம்பருப்புச் சோற்றின் மேல் நெய். "கை நனைக்காமப் போகக்கூடாதுங்க" என்பார்கள். ஐயர் கை நனைக்கிறாரா, ஏதாவது சாக்குச் சொல்லி நழுவுகிறாரா என்று ஊரே பார்த்துக்கொண்டிருக்கும். வெளியூரிலிருந்து வந்த, வேறு சாதியில் பிறந்த ஐயராக இருந்தால் இன்னும் கூர்ந்து பார்க்கும். அவர் அன்று செய்யும் பிரசங்கத்தைவிட அந்த வட்டில் முக்கியம்.

ஐயர் வராத நாட்களுக்குப் பிடியரிசி. உலையில் போட எடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்து, அடுப்படி மூலையில் இருக்கும் தனிக் கலயத்தில் போடுவார்கள். வேளைக்கு ஒரு பிடி. குறைந்த அரிசி எடுத்த நாளிலும் ஒரு பிடி. ஞாயிற்றுக்கிழமை அது மடிப்பையில் ஆலயத்துக்கு வரும். பெண்கள் கையால் மட்டுமே நடந்த காணிக்கை இது. வீட்டுக்கு வராத ஆளுக்கும் தன் சோற்றில் பங்கு ஒதுக்கி வைத்த வழக்கம் என்றே இதைச் சொல்லலாம். இப்போது ஆலய வாசலில் கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறார்கள். கணக்கு வழக்குக்கு அதுதான் வசதி, குறை சொல்ல மாட்டேன்.

ஐயரின் வீட்டு வருகையும் மாறிவிட்டது. சரவணம்பட்டி அடுக்ககத்தில் முதலில் காவலாளியிடம் பதிவு, பிறகு பத்து நிமிட ஜெபம், பாட்டில் தண்ணீர். "சாப்பிட்டுட்டுப் போலாங்கய்யா" என்று சொல்லும்போதே அவர் மணிக்கட்டைப் பார்த்துவிடுகிறார். பெண்களும் வேலைக்குப் போகிற வீட்டில் நாலு பேருக்குச் சமைத்து வை என்று யாரும் அதிகாரம் பண்ண முடியாது. பழைய விருந்தோம்பலின் பாரம் முழுக்க யார் முதுகில் இருந்தது என்பதும் தெரிந்த கதைதான்.

எனக்கு உறுத்துவது வேறு. சமைத்த கை எதுவென்று தெரியாத பந்தியில் சேர்ந்து உண்பது எளிது. 1850இன் கேள்வியைக் கேட்டரிங் வேன் சுற்றிக்கொண்டு போய்விட்டது. ஆலயத்தில் பக்கத்தில் அமர்ந்து உண்டவர் வீட்டில் கை நனைத்தவர் எத்தனை பேர்? பெண் எடுக்கும் பேச்சு வந்தால் பழைய பானை தானாகவே அடுப்பேறிவிடுகிறது. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பனியன் கம்பெனிக்கும் வார்ப்படப் பட்டறைக்கும் வந்த கிறிஸ்தவப் பையன்கள் பின்வரிசையில் அமர்கிறார்கள். விருந்து நாளில் அவர்களுக்கும் தட்டு உண்டு. வீட்டுக்கு வாங்க என்ற அழைப்பைத்தான் அதிகம் கேட்க முடிவதில்லை.

ஒரு சபையில் பகுதிவாரியாக வீட்டு ஜெபக்கூட்டத்தைச் சுற்றில் விட்டிருக்கிறார்கள். டீயும் சுண்டலும் மட்டும், அதற்கு மேல் யாரும் வைக்கக்கூடாது என்பது நிபந்தனை. வசதிப்பட்டவர் வடை, கேக் என்று அடுக்கத் தொடங்கியதும் ஒற்றை அறை வீட்டுக்காரர்கள் தங்கள் முறையைத் தள்ளிப்போட்டார்களாம். அதனால் வந்த விதி. இப்போது அவர்களும் தங்கள் முறைக்குப் பெயர் கொடுக்கிறார்கள். வெளியே முற்றத்தில் பாய் விரித்து, டம்ளர் போதாமல் அடுத்த வீட்டில் இரவல் வாங்குகிறார்கள்.