விரால் மீன்பிடிப்பு

விரால் என்பது ஏரி, குளம், வயல்வெளி, மெதுவாக ஓடும் ஆறு ஆகியவற்றில் வாழும் நன்னீர் மீனாகும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் உத்திரமேரூர் போன்ற ஏரிப் பாசனப் பகுதிகளில் இது விரும்பி உண்ணப்படுகிறது. பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (பொ.ஊ. 919, 921) ஏரியைப் பராமரித்த ஏரிவாரியத்தைக் குறிப்பிடுகின்றன.

பிடிக்கும் முறை

கோடையில் ஏரிநீர் வற்றும்போது விரால் பிடிப்பது எளிது. காற்றைச் சுவாசிக்க இம்மீன் அடிக்கடி மேலே வரும். குறைந்த நீரிலும் சேற்றிலும் உயிர்வாழும். வலை தவிர, சிறு தவளையையோ மீன்குஞ்சையோ இரையாகக் கோத்துத் தூண்டிலிலும் பிடிப்பர்.

இனப்பெருக்கமும் பாதுகாப்பும்

மழைக்காலத்தில், ஆழமில்லாத நீரில் செடிகளுக்கிடையே விரால் முட்டையிடும். மிதக்கும் முட்டைகளையும், பின்னர் செந்நிறக் கூட்டமாகத் திரியும் குஞ்சுகளையும் பெற்றோர் மீன்கள் காக்கின்றன. கூட்டத்தின் அருகே எது வந்தாலும் அவை பாய்ந்து தாக்கும். அப்போது தூண்டிலில் எளிதில் சிக்குவதும் இதனால்தான். காவல் மீன் பிடிபட்டால் குஞ்சுகள் பிற மீன்களுக்கும் பறவைகளுக்கும் இரையாகிவிடும். ஒரு மீனுக்காக ஒரு கூட்டமே அழியும். எனவே குஞ்சுகளுடன் திரியும் விராலைப் பிடிக்காமல் விடுவதே அடுத்தடுத்த ஆண்டுகளிலும் ஏரியில் மீன் கிடைக்க வழியாகும்.