‘வித்’தும் ‘ஒடு’வும்: உடனிகழ்ச்சிப் பொருள் பற்றிய ஒரு குறிப்பு

வேற்றுமை உருபுகளும் இடைச்சொற்களும் வெறும் இணைப்புக் கருவிகளாகவே பொதுவாகக் கருதப்படுகின்றன. மொழிவழிச் சமூக வரலாற்றை ஆராய்வோர் பெயர்ச்சொற்களை நாடிச் செல்வரேயன்றி இச்சிறு உறுப்புகளைப் பொருட்படுத்துவது அரிது. ஆங்கிலத்தின் ‘வித்’ என்னும் முன்னிடைச்சொல்லையும் தமிழின் ‘ஒடு’ உருபையும் ஒப்புநோக்கி, ‘உடன்’ என்னும் உறவு தாங்கிநிற்கும் சமூகப் பொருளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்பது ‘எதிராக’ என்றே முதன்மையாகப் பொருள்பட்டது. உடனிருத்தலைக் குறித்த சொல் ‘மிட்’ ஆகும். இன்றைய ஜேர்மன் மொழியின் ‘மிற்’ அதன் உறவுச்சொல். மத்திய ஆங்கிலக் காலத்தில் ‘வித்’ உடனிகழ்ச்சிப் பொருளையும் ஏற்று, ‘மிட்’டை வழக்கொழியச் செய்தது. ஸ்கண்டிநேவியக் குடியேறிகளது மொழியின் செல்வாக்கும் இதற்கொரு காரணமாகக் கூறப்படும். எதிர்த்துநிற்றலைக் குறிக்கும் ‘வித்ஸ்டாண்ட்’ என்னும் சொல்லிற் பழம்பொருள் இன்றும் உளது. மருத்துவிச்சியைக் குறிக்கும் ‘மிட்வைஃப்’ என்பதில், உடனிருக்கும் பெண் என்ற பொருளில், ‘மிட்’ எஞ்சியுள்ளது. இப்பொருள் மாற்றம் விந்தையானதன்று. பொருதுவோர் எதிரெதிரே நிற்பினும் ஒரே செயலிற் பிணைந்தோராவர். தமிழிலும் ‘அவனோடு சேர்ந்தான்’, ‘அவனோடு மோதினான்’ என நட்புக்கும் பகைக்கும் ஓருருபே வருகின்றது.

ஆங்கிலச் சொல்லின் பிற பொருள்களைத் தமிழ் பல வடிவங்களாகப் பகுத்துக்கொள்கிறது. கத்தியோடு வந்தவன் கத்தியால் வெட்டுகிறான், அச்சத்தால் நடுங்குகிறான், ஒருவர்மீது சினங்கொள்கிறான். ஆங்கிலம் இந்நான்கிடத்தும் ‘வித்’ என்றே கூறும். தொல்காப்பியம் ‘ஒடு’வை மூன்றாம் வேற்றுமையாகக் கொண்டு வினைமுதலையும் கருவியையும் அதன் பொருள்களாகக் கூறுகின்றது. பின்வந்த நன்னூல் ‘ஆல், ஆன், ஒடு, ஓடு’ என நான்கு உருபுகளையும், கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என மூன்று பொருள்களையும் தருகின்றது. இன்றைய வழக்கிற் கருவிப்பொருள் பெரிதும் ‘ஆல்’ உருபிடம் சென்றுவிட, ‘ஓடு’ உடனிகழ்ச்சிக்கே சிறப்பாக உரித்தாயிற்று.

ஈண்டு வேற்றுமை மயங்கியலிலுள்ள ஒரு விதி நமது கவனத்துக்குரியது. இருவர் ஒரே வினையைச் செய்யுமிடத்து, ‘ஒடு’ உயர்ந்தோர் பெயரின்பின் வரும் என்கிறது தொல்காப்பியம். ‘அரசனொடு வீரர் வந்தனர்’ என்பதே முறை. வருதல் இருவர்க்கும் பொது. ஆயினும் வரிசை பொதுவன்று.

இவ்விதியின் உயிர்ப்பைக் காண ஏட்டுச் சுவடிகளைத் தேடவேண்டியதில்லை. சொறிக்கல்முனை, சம்மாந்துறை ஆகிய ஊர்களைச் சூழ்ந்த நெல்வயற் சமூகத்தில், நிலவுடைமையாளர் போடியார் என்றும் உழைப்பாளர் வயற்காரர் என்றும் வழங்கப்பட்டனர். ‘போடியாரோடு வயற்காரர் வந்தனர்’ என்னும் தொடர் இயல்பாக ஒலிக்கும். ‘வயற்காரரோடு போடியார் வந்தார்’ எனில், ஏதோ விசேடம் நிகழ்ந்ததெனக் கேட்போர் எண்ணுவர். ‘தாய் பிள்ளையோடு வந்தாள்’ போன்றவற்றில் உருபு இளையோர் பெயரையும் சார்தல் உண்மையே. எனினும், இருவகையிலும் ஒருவர் தலைமையும் மற்றவர் சார்பும் பெறுகின்றனர். ‘போடியாரும் வயற்காரரும் வந்தனர்’ என்னும் எண்ணும்மையே இருவரையும் ஒருநிலையில் நிறுத்துகின்றது.

இதனால் இலக்கணம் வர்க்கத்தின் நேரடிப் பிரதிபலிப்பு என்று கொள்ளுதல் தவறாகும். மொழி மேற்கட்டுமானத்தைச் சேர்ந்ததன்று என ஸ்டாலின் 1950இல் வாதிட்டதும் அத்தகைய கொச்சை விளக்கத்தை மறுத்தேயாகும். போடியாரும் வயற்காரரும் ஓரிலக்கணத்தையே பகிர்ந்தனர். ஆயின் 1929இல் வொலோஷினொவ் காட்டியவாறு, பொதுவான குறியினுள்ளேயே வேறுபட்ட சமூக அழுத்தங்கள் மோதுகின்றன. உருபு பொது, அதனை எவர் பெயரிற் சேர்ப்பது என்னும் தெரிவு சமூகத்தினுடையது.

இத்தெரிவு அரசியலிலும் தொழிற்படுகின்றது. 1949இல் உருவான இலங்கைத் தமிழரசுக் கட்சி ‘தமிழ் பேசும் மக்கள்’ என்ற தொடரால் தமிழரையும் முஸ்லிம்களையும் ஒருங்கே அழைத்தது. 1990இல் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது அவ்வழைப்பின் ஒருமை சிதைந்தது. இரு சமூகங்களும் அயலயலே வாழும் கல்முனைக் கரையோரத்தில் ‘தமிழரோடு முஸ்லிம்கள்’ என்பதற்கும் ‘தமிழரும் முஸ்லிம்களும்’ என்பதற்கும் இடையிலான வேறுபாடு வெறும் நடைவேறுபாடன்று. முன்னையது ஒரு சமூகத்தை மற்றதன் துணையாக்குகின்றது. பின்னையது இரண்டையும் எழுவாயாக்குகின்றது. ஒற்றுமை பற்றிப் பேசுவோர் தம் வாக்கியத்தில் எவ்வுருபைக் கையாளுகின்றனர் என்பதையும் நாம் நோக்குதல் வேண்டும்.