இடக்காலும் பழக வேண்டும்

கீழக்குயில்குடியில், சமணர் மலை அடிவாரத்துப் பொட்டலில், மாலை வேளைகளில் சிறுவர்கள் கால்பந்து ஆடுகிறார்கள். நடைப்பயிற்சிக்குச் செல்லும் நான் சற்று நின்று பார்ப்பது வழக்கம். பந்து கிடைத்தவன் அதை யாருக்கும் தருவதில்லை. நான்கு பேரை ஏமாற்றி ஐந்தாமவனிடம் பறிகொடுக்கிறான். அப்போதெல்லாம் சையது அப்துல் ரஹீம் என் நினைவுக்கு வருவார்.

1909-இல் பிறந்த ரஹீம், ஹைதராபாதில் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இளமையில் உள்ளூர் அணிகளுக்கு ஆடினார். ஆட்டக்காரராகப் பெரும்புகழ் பெறவில்லை. 1950-இல் ஹைதராபாத் நகரக் காவல்துறை அணியின் பயிற்சியாளரானார். அவ்வாண்டு தொடங்கி 1954 வரை, தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பை அந்த அணிக்கே கிடைத்தது. கொல்கத்தாவின் பெரிய கிளப்புகள் கோலோச்சிய காலம் அது.

அவருடைய வழி எளிமையானது. பந்தைத் தனியே கடத்திச் செல்லக் கூடாது என்ற விதியுடன் போட்டிகள் நடத்தினார். வந்த பந்தை உடனே அடுத்தவருக்குத் தர வேண்டும். பழக்கமில்லாத காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்றும் போட்டிகள் வைத்தார். இதற்குச் செலவு ஏதுமில்லை.

ஆனால், செலவே இல்லாமல் அந்த வெற்றி வரவில்லை என்பதைப் பொருளியல் படித்தவன் என்ற முறையில் சொல்லியாக வேண்டும். காவல்துறை தன் ஆட்டக்காரர்களுக்கு வேலையும் மாதச் சம்பளமும் தந்தது. பிழைப்பைத் தேடி அவர்கள் சிதறிப் போகாமல், ஆண்டுக்கணக்கில் சேர்ந்து ஆட முடிந்தது. பயிற்சியாளரின் அறிவு மூலதனம் என்றால், அது விளைவதற்கான காலத்தைக் கொடுத்தது அந்தச் சம்பளம்தான். ரஹீமைப் பற்றி 2024-இல் 'மைதான்' என்ற இந்திப் படம் வந்தது. பொதுவாக, விளையாட்டுப் படங்களில் எழுச்சி உரைகளுக்கு இடமுண்டு. சம்பளப் பட்டியலுக்கு இடமில்லை!

இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளர். 1951-இல் தில்லி ஆசிய விளையாட்டில் தங்கம். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காமிடம். 1962-இல் ஜகார்த்தா சென்றபோது அவரைப் புற்றுநோய் வாட்டிக் கொண்டிருந்தது. தலையில் தையலுடன் இருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை அவர் முன்வரிசைக்கு மாற்றினார். இறுதி ஆட்டத்தில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வளர்த்த பீட்டர் தங்கராஜ் கோல் காக்க, பி.கே. பானர்ஜியும் ஜர்னைலும் கோலடிக்க, தென் கொரியாவை இந்தியா 2-1 என வென்றது.

மறு ஆண்டு ஜூனில் ரஹீம் மறைந்தார். அதன்பின் ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்குக் கிடைத்தது 1970-இல் ஒரு வெண்கலம் மட்டுமே.

சென்ற வாரம் எங்கள் ஊர்ச் சிறுவர்களிடம், "பத்து நிமிடம் இடக்காலால் மட்டும் ஆடுங்கள்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். "உங்களுக்கு யார் சார் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டான் ஒருவன். அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க யாருமில்லை.