பழைய எஞ்சின் வெல்டிங் செட்டைப் புதுப்பிக்கும் முறை

நீலகிரி மாவட்டத்தில் சிறு விவசாயிகளின் நிலம் பெரும்பாலும் வீட்டை அடுத்து இருப்பதில்லை. சரிவில் ஒரு துண்டும், பள்ளத்தில் ஒரு துண்டுமாகப் பிரிந்து கிடக்கும். தோட்டத்துக் கேட்டைக் காட்டெருமை முட்டி வளைத்துவிட்டாலும், காரட் கழுவும் இயந்திரத்தின் சட்டம் விட்டுப்போனாலும், அதைக் கழற்றி குன்னூருக்கோ உதகைக்கோ சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. மழைக்காலத்தில் அதுவும் இயலாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கு மேல் மழை பெய்தது. இத்தகைய மழையில் மரம் விழுந்து மின்கம்பி அறுவதும், மண் சரிந்து சாலை அடைபடுவதும் நம் மாவட்டத்தாருக்குப் புதிதல்ல.

மின்சாரம் இல்லாத இடத்தில் இரும்பைப் பற்றவைக்க ஏற்பட்டதுதான் எஞ்சினால் ஓடும் வெல்டிங் செட். மலையில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932இல் இயங்கத் தொடங்கியது. கனடா நாட்டின் உதவியோடு குந்தா திட்டம் 1960இல் மின் உற்பத்தியைத் தொடங்கியது. மின்கம்பி வந்து சேராத இதுபோன்ற கட்டுமானத் தளங்கள்தாம் உலகெங்கும் இவ்வகை இயந்திரத்துக்கு உரிய இடம். இன்று எஸ்டேட் கொட்டகைகளிலும் பழைய இரும்புக் கடைகளிலும் இவற்றில் சில துருப்பிடித்துக் கிடக்கின்றன. கைவேலையில் விருப்பமுள்ள விவசாயிகள், வேலை குறைந்த மாதங்களில் ஒன்றை வாங்கிப் புதுப்பிக்கலாமா என்று கேட்கின்றனர். பயிரைப் பற்றி எழுதும் இந்தப் பக்கங்களில் வெல்டிங் செட்டுக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். அவசரப்பட்டு ஓட்டினால் இயந்திரம் கருகும், ஆளுக்கும் ஆபத்து வரும் என்பதால் இதை விரிவாகக் கூற வேண்டியிருக்கிறது.

செலவைக் குறைக்கும் எண்ணத்தோடு மட்டும் இதில் இறங்க வேண்டாம். மின்சாரம் இருக்கும் இடத்தில், பத்துக் கிலோ எடைகூட இல்லாத இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரம் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. பழைய செட்டோ அரை டன் எடை இருக்கும். மின்கம்பி எட்டாத நிலம் உள்ளவர்களுக்கும், இயந்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதிலேயே மகிழ்ச்சி காண்பவர்களுக்கும்தான் இது ஏற்றது.

வாங்கும் முன்

இந்த இயந்திரம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. ஒன்று எஞ்சின், மற்றது அதோடு இணைந்த நேர்மின்சார ஜெனரேட்டர். எஞ்சின் கெட்டிருந்தால் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். உதிரிபாகம் கடையில் இல்லாவிட்டாலும் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு வரும் மலை ரயிலையே எடுத்துக்கொள்ளுங்கள். நூறாண்டுக்கு முற்பட்ட வடிவமைப்புள்ள அதன் நீராவி எஞ்சின்களைப் பொன்மலைப் பணிமனை 2011 முதல் புதிதாகவே கட்டித் தந்திருக்கிறது. ஜெனரேட்டரின் நிலை அப்படியன்று. ஆர்மேச்சரின் செம்புச்சுருள் கருகியிருந்தால் அதை மறுபடி கட்டும் கூலி, இயந்திரத்தின் விலையையே தாண்டிவிடக்கூடும். ஆகையால் விலை பேசுமுன் ஜெனரேட்டரின் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். கருகிய வார்னிஷ் வாடை பல ஆண்டுகளானாலும் போகாது. சுருள்கள் எல்லாம் இருக்கின்றனவா என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். செம்புக்காக அவற்றை வெட்டி எடுத்துவிடுவது உண்டு.

பெயர்த்தகட்டில் ஆம்பியர் அளவும், வேலை விகிதமும், சுற்று வேகமும் பொறித்திருக்கும். 60 சதவீதம் என்று இருந்தால், அந்த ஆம்பியரில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் பற்றவைத்து நான்கு நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள். தகடு இல்லாத இயந்திரத்தை வாங்காமலிருப்பதே நல்லது.

எஞ்சின் வேலை

வீட்டுக்குக் கொண்டுவந்தவுடன் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அதை அடக்கிக்கொள்ள வேண்டும். சிலிண்டர் சுவரில் துரு இருந்தால், பிஸ்டன் வளையம் அதில் உரசி முறிந்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியே மண்ணெண்ணெயும் எஞ்சின் எண்ணெயும் சம அளவில் கலந்து ஊற்றி, இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். பிறகு ஸ்பானரால் முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்தால் பெரும்பாலும் இளகிக் கொடுக்கும். இளகாவிட்டால் மறுபடி ஊற வையுங்கள். சுத்தியலால் அடிக்க வேண்டாம். இளகிய பின், இன்ஜெக்டர் துளை திறந்திருக்கும்போதே எஞ்சினைக் கையால் சில சுற்றுகள் சுற்றி, ஊற்றிய கலவை முழுவதையும் வெளியேற்றிவிட வேண்டும்.

கிண்ணத்திலுள்ள பழைய எண்ணெயை வடிக்கும்போது அது பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. நம் மலையின் மூடுபனியில் பத்தாண்டு கிடந்த இயந்திரத்தில் இது வியப்பன்று. ஆனால் பிளாக்கில் வெடிப்பு இருந்தாலும் இப்படி ஆகும். உதகைப் பகுதியில் டிசம்பர், ஜனவரி மாதங்களில் உறைபனி விழுகிறது. எஞ்சினில் தேங்கிய நீர் உறைந்து விரிவடைந்து பிளாக்கைப் பிளந்திருக்கக்கூடும். எனவே தண்ணீர் நிரப்பி ஒருநாள் வைத்திருந்து, கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

டீசல் தொட்டியைக் கழுவி, பில்டரை மாற்றி, குழாயிலுள்ள காற்றை எடுக்க வேண்டும். இன்ஜெக்டர் சரியாகத் தூவுகிறதா என்பதை டீசல் பம்ப் பழுதுபார்க்கும் பட்டறையில் சோதித்துக்கொள்வதே முறை. தூவும் டீசலின் முன் விரலை நீட்டவே கூடாது. அழுத்தம் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே சென்றுவிடும். காயம் சிறு புள்ளியாகத் தோன்றினாலும் விரலையே இழக்க நேரிடும்.

முதல் தடவை ஓட்டும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நெடுநாள் கிடந்த டீசல் பம்பின் உள்ளே டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் தண்டு இறுகியிருந்தால், எஞ்சின் கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடத் தொடங்கும். டீசலை நிறுத்தும் பிடியும் அப்போது வேலை செய்யாமல் போகலாம். ஆகவே அந்தத் தண்டு தடையின்றி அசைகிறதா என்று முதலிலேயே பாருங்கள். காற்று உறிஞ்சும் குழாயின் வாயை மூடுமளவுக்கு ஒரு தட்டையான பலகையை உதவியாளர் கையில் கொடுத்து நிறுத்துங்கள். காற்று நின்றால் எஞ்சின் நின்றுவிடும். அந்த வாயை உள்ளங்கையால் மூட முயல வேண்டாம். ஹேண்டில் சுற்றுபவர் கட்டைவிரலைப் பிடியின் மறுபுறம் சுற்றாமல், மற்ற விரல்களோடு சேர்த்து ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எஞ்சின் திருப்பி உதைத்தால் கை எலும்பு தப்பும்.

ஜெனரேட்டரை உலர்த்துதல்

எஞ்சின் ஓடிவிட்டது என்ற மகிழ்ச்சியில் அன்றே ராடைப் பிடித்துப் பற்றவைத்துப் பார்ப்பதால்தான் நல்ல ஜெனரேட்டர்கள் கருகுகின்றன. சுருளின் மேலுள்ள பருத்தியும் வார்னிஷும் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும். வெளியே தொட்டால் தெரியாது. ஈரத்தோடு மின்சாரம் உண்டானால் சுருள் இரும்போடு ‘ஷார்ட்’ ஆகிவிடும். உண்மையில் எஞ்சினை முதலில் ஓட்டும்போதே கார்பன் பிரஷ்களைத் தூக்கிக் கட்டிவிடுவது பாதுகாப்பு.

முதலில் உள்ளே படிந்த தூசியை நீக்க வேண்டும். கார்பன் தூள் மின்சாரத்தைக் கடத்தும். அதை ஊதுவதைவிட உறிஞ்சி எடுப்பது மேல். பழைய இயந்திரங்களின் கேஸ்கெட்டிலும், புகைக்குழாய் மேல் சுற்றிய நாரிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அத்தகைய பகுதிகளை நீர் தெளித்து நனைத்தே எடுக்க வேண்டும். சுரண்டவோ ஊதவோ கூடாது.

உலர்த்துவது எப்படி? பச்சைத் தேயிலையை ஆலையில் எப்படி வாட்டுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மிதமான சூடும் காற்றோட்டமும் சேர்ந்து ஈரத்தை மெல்ல வெளியே கொண்டுவருகின்றன. ஜெனரேட்டருக்கும் அதுவே வழி. 100 வாட் குண்டு பல்பு இரண்டை ஜெனரேட்டரின் அடியிலும் பக்கத்திலும் சுருளைத் தொடாமல் வைத்து, மேலே தார்ப்பாயைப் பல்பில் படாதவாறு கூடாரமாகக் கட்டுங்கள். கீழே சிறிது திறப்பும் உச்சியில் சிறிது திறப்பும் விட வேண்டும். முழுவதும் மூடினால் வெளியேறிய ஈரம் மறுபடி அதன்மேலேயே படியும். அடுப்புத் தணலையோ புளோ லாம்பையோ வைத்துச் சூடாக்கினால் வெளிவார்னிஷ் வெடித்து உள்ளே ஈரம் அப்படியே தங்கிவிடும். நான்கைந்து நாள் தொடர்ந்து வைக்க வேண்டியிருக்கும். மூடுபனி நாளில் இன்னும் கூடுதல் ஆகும்.

போதுமான அளவு உலர்ந்துவிட்டதா என்பதை 500 வோல்ட் மெக்கர் கருவி காட்டும். மோட்டார் காயில் கட்டுபவர்களிடம் இது இருக்கும். சுருளுக்கும் இரும்புச் சட்டத்துக்கும் இடையே அளந்தால் குறைந்தது ஒரு மெகா ஓம் இருக்க வேண்டும். சூடேற்றத் தொடங்கிய முதல் நாளில் இந்த அளவு குறைவதைக் கண்டு பயப்பட வேண்டாம். உள்ளிருந்த ஈரம் வெப்பத்தால் கிளம்புவதால் முதலில் இறங்கி, பிறகு ஏறும். ஏறி ஒரு நிலையில் நிற்கும்வரை பொறுத்திருங்கள். டயோடு உள்ள செட்டானால், அளக்குமுன் டயோடு இணைப்புகளைக் கழற்றிவிட வேண்டும்.

கம்யூட்டேட்டர் என்னும் செம்பு உருளை பழுப்பு நிறத்தில் வழவழப்பாக இருந்தால் அது நல்ல நிலை. ‘பளபள’வென்று வரட்டும் என்று அதைத் தேய்க்க வேண்டாம். கருமையோ பள்ளமோ இருந்தால் மட்டும் நைஸான உப்புத்தாளால் தேய்க்கலாம். எமரித் தாளின் துகள் செம்புப் பட்டைகளுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் என்பதால் அது ஆகாது. பட்டைகளுக்கு இடையிலுள்ள மைக்கா, செம்பைவிட ஏறத்தாழ 0.8 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். சமமாக இருந்தால் பழைய ரம்பத் தகட்டைக் கொண்டு பொறுமையாகச் சுரண்டி இறக்குங்கள். ஒரு நாள் முழுவதும் பிடிக்கும் இந்த வேலைதான், என் எண்ணத்தில், புதுப்பிப்பவரின் பொறுமைக்கு உண்மையான சோதனை.

இவ்வளவும் செய்து பிரஷ்களை இறக்கி ஓட்டிய பின்னும் மின்சாரம் வராமல் போகலாம். நெடுநாள் ஓடாத ஜெனரேட்டரின் இரும்பில் எஞ்சியிருக்க வேண்டிய சிறிதளவு காந்தம் மறைந்திருக்கும். எஞ்சினை நிறுத்தி, பிரஷ்களைத் தூக்கி, 12 வோல்ட் பேட்டரியின் மின்சாரத்தைக் காந்தச் சுருளுக்குள் சில விநாடி செலுத்தினால் காந்தம் திரும்பும். நேர்முனை, எதிர்முனை மாறக்கூடாது. இணைப்பை விடுவிக்கும்போது உயர்ந்த மின்னழுத்தம் தெறிக்கும். எனவே வெறுங்கையால் கம்பி முனையைத் தொடாதீர்கள். பழக்கமில்லாதவர்கள் காயில் கட்டுபவரை அழைத்துச் செய்வது நல்லது.

மலை உயரமும் எஞ்சின் திறனும்

சமவெளியில் நன்றாக ஓடிய செட் உதகையில் கரும்புகை தள்ளும். உதகை கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்குக் காற்றின் அடர்த்தி கீழே உள்ளதில் சுமார் 80 சதவீதமே. டீசல் எரியக் காற்று போதாததால் எஞ்சின் திறனும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது.

கணக்கிட்டுப் பாருங்கள். 200 ஆம்பியரில் பற்றவைக்கும்போது சுமார் 28 வோல்ட் இருக்கும். அது 5,600 வாட், அதாவது ஏழரைக் குதிரைத்திறன். பழைய ஜெனரேட்டரில் வீணாகும் ஆற்றலையும் சேர்த்தால் எஞ்சின் 14, 15 குதிரைத்திறன் தர வேண்டும். தகட்டில் 20 என்று எழுதிய எஞ்சின் உதகையில் 16 தரும். ஆகவே அதில் 200 ஆம்பியருக்கு மேல் ஆசைப்படக்கூடாது. டீசலைக் கூட்டி வைத்தால் புகைதான் கூடும். தோட்ட வேலைக்குப் பெரும்பாலும் 3.15 மி.மீ. ராடே போதும், அதற்கு 90 முதல் 130 ஆம்பியர் வரையே தேவை.

ராடும் ஈரம் இழுக்கும். நமத்த ராடு பொரிந்து தெறிக்கும்; பற்றவைத்த இடம் புரைபுரையாக இருக்கும். சாதாரண ராடுகளைச் சுமார் 100 டிகிரி செல்சியஸ் சூட்டில் ஒரு மணி நேரம் உலர்த்தி, மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள்.

உயிருக்கு ஆபத்தானவை

குளிருக்கும் மழைக்கும் பயந்து கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே எஞ்சினை ஓட்டுவது கொடிய தவறு. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் கிடையாது. தலைவலி, மயக்கம் என்று உணருமுன்பே கால்கள் செயலற்றுப்போகும். எஞ்சின் எப்போதும் வெளியிலேயே நிற்க வேண்டும். கேபிள் மட்டும் உள்ளே வரலாம்.

காலியான டீசல் பீப்பாயையும் மருந்து டப்பாவையும் பற்றவைக்கவே வேண்டாம். கழுவிய பீப்பாயும் வெடிக்கும். துத்தநாகம் பூசிய குழாயில், இணைக்கும் இடத்துப் பூச்சை அரைத்து நீக்கிவிட்டுக் காற்றுக்கு முதுகைச் சற்றே சாய்த்து நின்று செய்யுங்கள். அந்த வெள்ளைப் புகை அன்றிரவு குளிர்க்காய்ச்சலைக் கொண்டுவரும். ராடு இரும்பைத் தொடாத நேரத்தில் செட்டில் 60 முதல் 90 வோல்ட் வரை இருக்கிறது. ஈர மண்ணில், நனைந்த கையுறையோடு நிற்பவருக்கு அதுவே போதிய ஆபத்து. காய்ந்த பலகையின்மேல் நில்லுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை புல் காய்ந்திருக்கும் காலத்தில், சுற்றிலும் புல்லைச் செதுக்கி, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் வைத்துக்கொண்ட பின்னரே வேலையைத் தொடங்க வேண்டும்.

புதுப்பித்த செட்டை மாதம் ஒருமுறை அரைமணி நேரம் ஓட்டி, சில ராடுகளை எரித்து ஜெனரேட்டர் சூடாகும்படி செய்யுங்கள். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிச் சுற்றி வைக்காமல், தரையிலிருந்து ஓரடி உயர்ந்த மேடையில், பக்கங்கள் திறந்த கூரையின்கீழ் நிறுத்துங்கள். டிசம்பர் பிறக்குமுன் எஞ்சினிலுள்ள தண்ணீரை வடித்துவிட்டு, வடித்தது தெரியும்படி ஹேண்டிலில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுங்கள்.