சாம்பிராணியால் போகாத வாடை

மாடிப்படிக்கு அடியில் ஒரு சிற்றறை இல்லாத வீடு நம் ஊர்களில் அரிது. பழைய பாய்கள், விருந்துக்கு மட்டும் வெளிவரும் தேக்சாக்கள், விருந்தினருக்கான மெத்தைகள், பயன்படாத தொட்டில், யாரும் திறக்காத பெட்டிகள் எல்லாம் அங்கேதான் அடைக்கலம் புகும். குளிர் நாடுகளில் வீட்டுக்கு அடியில் நிலவறை அமைப்பார்கள் என்றும், அங்கே வீசும் மக்கிய வாடை அந்நாட்டாருக்குப் பெருந்தொல்லை என்றும் விடுமுறைக்கு ஊர் வருவோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். படிக்கட்டின் கீழுள்ள சிற்றறைதான் நம்முடைய நிலவறை. எங்கள் வீட்டுச் சிற்றறையின் வாடையை ஏறக்குறைய ஓராண்டுக் காலம் நான் எத்துணைத் தவறாகப் புரிந்துகொண்டேன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தாமிரபரணிக் கரை மாவட்டங்களை மூழ்கடித்த மழையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எங்கள் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அது வடிந்தபின் சேற்றை வாரினோம்; தரையைக் கழுவினோம்; நனைந்தவற்றை வெயிலில் போட்டோம். உயிர்ச்சேதம் இல்லாமல் காத்த அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னோம். ஆனால் பிப்ரவரியில் என் மைத்துனியின் நிக்காஹ் நிச்சயமாகியிருந்தது. விருந்தாளிகள் வருமுன் வீடு வீடாகத் தோன்ற வேண்டுமே என்ற பதற்றம் எல்லோருக்கும். சுவரைத் தொட்டுப் பார்த்தோம், உலர்ந்தது போலிருந்தது. பளபளப்பான பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தோம். சிற்றறையின் உட்சுவரோடு ஒட்டி ஒட்டுப்பலகையில் ஓர் அலமாரியும் அறைந்தோம். என் மர்ஹூம் வாப்பா விட்டுச்சென்ற கிதாபுகளை, அவற்றுள் சில அரபுத் தமிழில் கல்லச்சில் அடித்தவை, அந்தப் புதிய அலமாரியில் நானே என் கையால் அடுக்கினேன்.

வெள்ளத்தில் ஊறிய செங்கல் சுவர் உள்ளுக்குள் உலர மாதக்கணக்கில் ஆகும் என்பதை அன்று நான் அறியேன்.

ரமலானில் தொழுகை விரிப்புகளை எடுத்தபோதுதான் முதலில் அந்த வாடை தெரிந்தது. நனைந்த சாக்கை நெடுநாள் மூடி வைத்தாற்போன்ற ஒரு வாடை. மாமி சாம்பிராணி போடச் சொன்னார்கள். போட்டோம், போயிற்று. இரண்டு நாளில் திரும்பியது. மீண்டும் போட்டோம். பிறகு அது அன்றாட வழக்கமாகிவிட்டது. மஃரிபுக்குப் பின் என் இளைய மகள் அந்த அறைக்கு முன்னால் ரெஹாலை வைத்து ஓதுவாள். அவளைச் சுற்றிப் புகை மணக்கும். எங்களுக்கு அது மங்களகரமாகவே பட்டது.

ஐப்பசி மழை தொடங்கியதும் அவளுக்கு இருமல் கண்டது. இரவில் நெஞ்சில் விசில் ஊதுவது போன்ற ஒலி. மூச்சை இழுக்கும்போது கழுத்துக்குழி உள்வாங்கும். இரண்டு முறை நள்ளிரவில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து தந்த மருத்துவர், “வீட்டில் ஓதம் இருக்கிறதா?” என்று கேட்டார். “இல்லை டாக்டர், இப்போதுதான் பெயிண்ட் அடித்தோம்” என்றேன். நான் பொய் சொல்லவில்லை; எனக்குத் தெரியவில்லை. ஒரே வாடையில் நாள்தோறும் இருக்கும் மூக்கு அதை உணர மறந்துவிடும். சென்னையிலிருந்து வந்த என் மூத்த ராத்தா வாசற்படியைத் தாண்டியதும் நின்று, “என்ன தம்பி, வீட்டுக்குள்ளே ஏதோ மக்கிக் கிடக்கே?” என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது.

அன்றே அலமாரியைப் பெயர்த்தோம். பலகையின் பின்புறம் கரும்பச்சையாகப் பூஞ்சணம் கம்பளம் விரித்தாற்போல் படர்ந்திருந்தது. சுவரின் பெயிண்ட் தோல் போலக் கழன்று வந்தது. அதன் உட்புறம் ஈரம். போதாக்குறைக்கு, அந்தச் சுவரின் மறுபுறம் குளியலறை. அங்கே சுவருக்குள் செல்லும் குழாயின் இணைப்பு ஒன்று துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்தது. வாப்பாவின் கிதாபுகளில் கீழ்த்தட்டில் இருந்தவை ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டன. அவற்றுள் மூன்றைப் பிரிக்கவே முடியவில்லை.

மதரஸாவில் தஹாரத் பாடம் நடத்தும்போது, நஜீஸ் பட்ட துணியின் மீது அத்தர் பூசினால் துணி சுத்தமாகிவிடாது. அந்தப் பொருளையே நீக்கி, அதன் நிறமும் மணமும் சுவையும் போகக் கழுவ வேண்டும் என்று பல்லாண்டுகளாகச் சொல்லிவருகிறேன். பூஞ்சணத்தை நஜீஸ் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பாடம் சொன்ன வாயால்தான் வீட்டில் சாம்பிராணியை ஊதினேன்.

பூஞ்சணத்தின் வித்துக்கள் கண்ணுக்குத் தெரியாதவை. காற்றில் எங்கும் உள்ளவை. அவற்றை ஒழிக்க எவராலும் இயலாது. அவை முளைக்க வேண்டுவது ஈரம் ஒன்றே. மரம், காகிதம், பஞ்சு, தோல் எல்லாம் அவற்றுக்கு உணவு. நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது. பிடித்துவிட்டால், அது வளரும்போது வெளியிடும் ஆவிகளே அந்த வாடை. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு மூச்சுக் கோளாறுகளும் ஆஸ்துமாவின் தொல்லையும் மிகுதியாகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகின்றது. அதன் மேல் சாம்பிராணிப் புகையும் சேர்ந்தால், இளைப்புள்ள குழந்தையின் நிலையைச் சொல்ல வேண்டுமா?

சுவரில் வெண்மையாகப் பூப்பதெல்லாம் பூஞ்சணம் அன்று. கடற்கரை ஊர்களில் சுவர் உப்புப் பூப்பது இயல்பு. ஐயமிருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள், உப்பு கரைந்துவிடும். ஆயினும் உப்பும் ஈரத்தின் அடையாளமே என்பதால் அலட்சியம் வேண்டாம். ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறதா, அறைக் காற்றிலிருந்து படிகிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் ஒட்டுநாடாவால் ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளின் உட்புறம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் குற்றம் சுவரில். வெளிப்புறம் கோத்திருந்தால் குற்றம் காற்றோட்டமின்மையில்.

சுவர்க் குற்றத்துக்குக் கொத்தனாரையும் குழாய் வேலைக்காரரையும் அழைப்பதே முதல் வேலை. ஈரத்தின் ஊற்றை அடைக்காமல் சுவரைத் துடைப்பது வீண். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவருள்ள வீட்டினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அத்தகைய சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசிப் பிளாஸ்டிக் பெயிண்டால் மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். நம் முன்னோர் ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடித்தது பணமில்லாமையால் மட்டும் அன்று என்று இப்போது எண்ணுகிறேன்.

பூஞ்சணத்தைத் துடைக்கும் நாளில் குழந்தைகளையும் இளைப்பு நோயாளிகளையும் வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். துடைப்பவர் என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, சன்னல்களைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த துடைப்பத்தால் பெருக்கினால் வித்துக்கள் வீடெங்கும் பறக்கும். ஆகவே ஈரத் துணியே நல்லது. ஓடு, கண்ணாடி, கல் போன்ற கடினப் பரப்புகளைச் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, முற்றிலும் உலர்த்தினால் போதும். சகோதரிகள் ஒன்றை மட்டும் மறவாதிருக்க வேண்டுகிறேன்: கறை போகவில்லையே என்று பிளீச்சிங் பவுடரோடு கழிப்பறை ஆசிட்டை ஒருபோதும் கலக்காதீர்கள். அதிலிருந்து கிளம்பும் குளோரின் வாயு நுரையீரலை அரித்துவிடும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. பாதிப்பு மூன்றடிக்கு மூன்றடிப் பரப்பை மிஞ்சினால் அத்தொழில் தெரிந்தவரிடம் விடுவதே முறை.

வெள்ளநீரில் ஊறி உப்பிய ஒட்டுப்பலகையையும் பஞ்சு மெத்தையையும் காப்பாற்ற முயல வேண்டாம். மாமிக்கு அந்த மெத்தைகளைப் பிரிய மனமில்லை. அவர்களுடைய உம்மா சீராகக் கொடுத்தவை. வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று மூன்று நாள் வாதாடினார்கள். பேத்தியின் இருமல் கேட்ட ஒரு சுபுஹ் வேளையில், எவரிடமும் சொல்லாமல் தாமே ஆளை அழைத்து அள்ளிப் போகச் சொல்லிவிட்டார்கள்.

கிதாபுகளைப் பற்றிக் கேட்போருக்காக: பழைய காகிதத்தைக் கடும் வெயிலில் போட்டால் முறுகி உடையும். நிழலில், மின்விசிறிக் காற்றில், ஏடுகளை விரித்து நிறுத்தி உலர்த்த வேண்டும். நன்றாக உலர்ந்தபின் வீட்டுக்கு வெளியே மெல்லிய தூரிகையால் பூஞ்சணத்தைத் தட்டிவிடலாம். பாச்சை உருண்டையும் வேப்பிலையும் பூச்சிக்குத்தான். ஈரத்தை அவை ஒன்றும் செய்யா. அதிலும், கைக்குழந்தையின் துணிகளுக்கிடையே பாச்சை உருண்டையை வைக்கவே கூடாது. சில குழந்தைகளுக்கு அதனால் இரத்த அணுக்கள் சிதையும்.

மழைக்காலத்தில் நாள் முழுதும் சன்னலைத் திறந்து வைப்பதும் பயனில்லை. ஈரக் காற்றுதான் உள்ளே வரும். வெயில் எட்டிப்பார்க்கும் நண்பகலில் இரண்டு மணி நேரம் எல்லாவற்றையும் திறந்து, மின்விசிறியைச் சுழல விட வேண்டும். அலமாரிகளைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடையாவது தள்ளி வைக்க வேண்டும்.

எங்கள் சிற்றறையின் சுவரைச் செங்கல் தெரியச் சுரண்டி, குழாயை மாற்றி, ஐந்து மாதம் அப்படியே விட்டுவைத்தோம். வந்தவர்கள் எல்லாம் ஏன் இந்த அலங்கோலம் என்று கேட்டார்கள். பிறகு சுண்ணாம்புதான் அடித்தோம். கதவைக் கழற்றிவிட்டோம். மீந்த கிதாபுகள் இப்போது மாடியில், வெயில் விழும் அறையில் இருக்கின்றன. மகளின் ரெஹாலும் அங்கே போய்விட்டது. மருத்துவர் தந்த உறிஞ்சு மருந்து இன்னும் அவள் தலைமாட்டில் இருக்கிறது. ஆனால் கடந்த மழைக்காலத்தில் நள்ளிரவில் ஓட வேண்டியிருக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.