பால் கேன் வண்டியும் ஞாயிற்றுக்கிழமை புல்லட்டும்

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் முடிச்சூர் சாலையிலோ வண்டலூர் – வாலாஜாபாத் சாலையிலோ ஏதாவது ஒரு டீக்கடை ஓரமாக நின்று பார்த்தால் இரண்டு வகை வண்டிகள் கண்ணில் படும். மணிமங்கலம், படப்பை, ஆதனூர் பக்கமிருந்து பால் கேனும் கீரைக்கட்டும் ஏற்றிக்கொண்டு தாம்பரத்தை நோக்கி வருபவை ஒரு வகை. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டையிலிருந்து நாலைந்து பேராகக் கிளம்பி, ஊரைத் தாண்டிக் காற்று வாங்கப் போகும் புல்லட்டுகளும் பழைய யமஹாக்களும் இன்னொரு வகை. இரண்டும் ஒரே கடையில் டீ குடிக்க நிற்கும். பார்த்தவுடனேயே ஒரு வித்தியாசம் தெரியும். வாரத்தில் ஒரே நாள் ஓடும் வண்டியின் செயினில் எண்ணெய் மினுமினுக்கும். நாள் தவறாமல் இரண்டு வேளை சுமை இழுக்கும் வண்டியின் செயின் துருவேறி, கால் மைல் தூரத்திலேயே தன் வரவைச் சொல்லிக்கொண்டு வரும்.

நியாயமாகப் பார்த்தால் இது தலைகீழாக இருக்க வேண்டும். பொழுதுபோக்குக்காகப் போகிறவரின் வண்டி வழியில் நின்றால், நண்பர்களிடம் சொல்ல ஒரு கதை கிடைக்கும். பால் கேன் வண்டி நின்றால், சங்கத்தில் பால் எடுக்கும் நேரம் தப்பிவிடும். சித்திரை வெயிலில் தாமதமானால் பால் திரிந்துவிடும். கீரையின் கதையும் அதுதான். கடனில் வாங்கிய வண்டியென்றால் மாதத் தவணையும் காத்திருக்காது.

பொழுதுபோக்கு பிறந்த கதை

வண்டியைத் தானே கழற்றிப் பூட்டும் பழக்கம் இந்தப் பக்கத்தில் ஆழமாக வேர்விட்டதற்குப் புல்லட் ஒரு முக்கியக் காரணம். ராணுவத்தின் தேவைக்காக வரவழைக்கப்பட்ட அந்த வண்டி, 1955-ல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு திருவொற்றியூரில் உருவாகத் தொடங்கியது. 2013-ல் தாம்பரத்துக்கு மேற்கே ஒரகடத்தில் புதிய தொழிற்சாலை வந்தது. பிறகு வல்லம் வடகாலிலும் ஒன்று. நெல்லும் கரும்பும் பார்த்த பூமியில் இன்று மோட்டார் சைக்கிள் விளைகிறது.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டை வைத்திருந்தவருக்கு மெக்கானிக் வேலை கொஞ்சமாவது தெரியாமல் இருக்க வழியில்லை. கிக் அடிப்பதற்கே ஒரு முறை உண்டு. ஆம்மீட்டர் முள்ளைப் பார்த்து, டிகம்ப்ரஸரைப் பிடித்து, பிஸ்டனைச் சரியான இடத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் உதைக்க வேண்டும். தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். பாயின்ட், டேப்பெட், கிளட்ச் கேபிள் என்று ஏதாவது ஒன்று அடிக்கடி சரிசெய்யச் சொல்லும். தேவைக்காகக் கற்றுக்கொண்ட வேலை நாளடைவில் விருப்பமாகி, ஞாயிறு காலைப் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. 1985-ல் வந்த ஆர்.எக்ஸ். 100, மைசூரில் தயாரான எஸ்டி போன்றவற்றை இன்றும் வைத்திருப்பவர்கள் இப்படித்தான் ஓட்டுகிறார்கள். உதிரிபாகத்துக்காகத் தாம்பரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி, புதுப்பேட்டையில் கடை கடையாக அலைவதும் அவர்களுக்கு ஒரு சுகம்.

இவர்கள் செய்வதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தனியாகச் செய்வதில்லை. ஒருவரிடம் காற்று பம்பு, இன்னொருவரிடம் நல்ல ஸ்பேனர் செட், மற்றொருவருக்குக் கார்புரேட்டர் கைவந்த கலை. குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்தில் கூடி நாலு வண்டியையும் பார்த்து முடித்துவிட்டு வேடந்தாங்கலுக்கோ மாமல்லபுரத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். வேடந்தாங்கலில் பறவை பார்ப்பதும் படமெடுப்பதும் இவர்களில் பலருக்கு இணைந்துவிட்ட பழக்கம். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அறிந்து இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்தப் பறவைகளைக் காத்துவருகிறவர்கள் அந்த ஊர் விவசாயிகள். அங்கே போய் சைலன்சரைப் பிடுங்கி மாட்டிய வண்டியை வெடிக்க விடுகிறவர்களும் சிலர் இருக்கிறார்கள். அவர்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை.

செயின்: முதல் எதிரி உரமூட்டை

விவசாயியின் வண்டிக்கு வரும் கேடுகள் நகரத்து வண்டிக்கு வருபவை அல்ல. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு. சமையல் உப்புக்கு நெருங்கிய சொந்தம். யூரியாவும் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மூட்டையிலிருந்து சிந்தும் ஒரு பிடி உரம், இரவுப் பனியில் கரைந்து செயினிலும் ஸ்போக்ஸ் கம்பியிலும் இறங்கினால், கோவளம் கடலோரத்தில் வண்டியை நிறுத்தி வைத்ததுபோலத்தான். மூட்டைக்கு அடியில் ஒரு பாலித்தீன் தாளை விரிப்பதும், அன்றைக்கே வண்டியைச் சாதாரணத் தண்ணீரில் கழுவிக் காயவைப்பதும் போதும். வீரியமாகத் தண்ணீர் பீய்ச்சும் மோட்டாரை சக்கரத்தின் நடுவில் நேராகப் பிடிக்கக் கூடாது. பேரிங்கில் உள்ள கிரீஸ் போய்விடும்.

கழுவியபின் செயினுக்கு எண்ணெய் விட மறப்பதுதான் பலர் செய்வது. மண்ணெண்ணெய் அல்லது டீசலில் நனைத்த பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, 90 கிரேடு கியர் ஆயிலைச் செயினின் உள்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, மிஞ்சியதைத் துடைத்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட ஊற்றினால் மண் ஒட்டி, அரம்போல அறுக்கும். 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை செய்வது நல்லது. மழை, சேறு என்றால் அதற்கு முன்பே. செயினின் தொய்வு நடுப்பகுதியில் ஏறக்குறைய ஓர் அங்குலம் இருக்கலாம். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். சக்கரத்தை மெல்லச் சுற்றி, மிகவும் இறுக்கமாக இருக்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இன்ஜினை ஓடவிட்டு, சுற்றுகிற செயினில் துணியை வைத்துத் துடைப்பதைப் பார்க்க முடிகிறது. துணி பல்சக்கரத்தில் மாட்டினால் விரலையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும். விரல் போனவர்கள் உண்டு. இன்ஜினை அணைத்து, நடு ஸ்டாண்டு போட்டு, கையால்தான் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

காற்று, எண்ணெய், சுமை

களத்துத் தூசியும் ஒரகடம் சாலை லாரிப் புழுதியும் முதலில் போய் அடைவது ஏர் ஃபில்டரில். அது அடைத்தால் வண்டி இழுக்காது, பெட்ரோல் மட்டும் குடிக்கும். ஸ்பாஞ்சு வகையென்றால் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டலாம். காகித வகையைக் கழுவக் கூடாது. இப்போது பல வண்டிகளில் பிசுபிசுப்பான எண்ணெய் தோய்ந்த காகித ஃபில்டர் வருகிறது. அதை ஊதிச் சுத்தம் செய்வதும் தவறு. கையேட்டில் சொன்ன கிலோமீட்டர் வந்ததும் மாற்றிவிட வேண்டும்.

டிராக்டருக்கு வாங்கிய ஆயிலில் மிச்சம் இருக்கிறதே என்று பைக்கில் ஊற்றுவது கிராமத்தில் சாதாரணமாக நடக்கிறது. கியர் உள்ள பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தட்டுகள் அதே எண்ணெயில்தான் ஊறிக்கொண்டிருக்கும். டிராக்டர் எண்ணெயோ கார் எண்ணெயோ பைக் கிளட்சை மனதில் வைத்துத் தயாரித்தது அல்ல. கிளட்ச் நழுவத் தொடங்கினால் மிச்சம் பிடித்த காசைப்போலப் பல மடங்கு செலவு. பைக் ஆயில் டப்பாவில் ‘ஜாசோ எம்.ஏ.’ அல்லது ‘எம்.ஏ. 2’ என்ற குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். படிக்கத் தெரியாதவர் தன் வண்டியின் பழைய டப்பாவையே கடைக்கு எடுத்துப் போகலாம். பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். வைத்திருப்பவர்கள் ‘இன்னும் கொஞ்சம் ஊற்றினால் இன்ஜினுக்கு நல்லது’ என்று பெட்ரோலில் ஆயிலை அளவுக்கு மேல் கலக்கிறார்கள். நல்லது இல்லை. பிளக்கிலும் சைலன்சரிலும் கரி அடைத்துக்கொள்ளும்.

சுமை பற்றி யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. 40 லிட்டர் கேன் இரண்டு என்றால் பால் மட்டுமே 80 கிலோவுக்கு மேல். கேனின் எடை தனி, ஓட்டுபவரின் எடை தனி. கையேட்டில் சொல்லியிருக்கும் சுமைத் திறன் ஓட்டுபவரையும் சேர்த்துத்தான். வண்டியிலேயே, செயின் கவர் பக்கம் ஒட்டியிருக்கும் சிறு தாளில், ஆள் ஏறினால் எவ்வளவு காற்று வேண்டும் என்று இருக்கும். வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் காற்றுப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் கேனும் மறுபக்கம் வெறுமையுமாகப் போவது வண்டிக்கும் ஆகாது, ஆளுக்கும் ஆகாது. பூச்சிமருந்து டப்பாவைப் பால், கீரை, பிள்ளைகளின் பள்ளிப் பையோடு சேர்த்து ஏற்றுவது வண்டிப் பராமரிப்பில் சேராது. ஆனாலும் சொல்லாமல் விடுவதற்கில்லை.

வண்டியை நிறுத்தும் இடமும் முக்கியம். மாட்டுக் கொட்டகையில் மூத்திரத்திலிருந்து எழும் அம்மோனியா, செம்புக் கம்பி இணைப்புகளைப் பச்சை பூக்கவைத்துவிடும். வைக்கோல் போர் ஓரமாக நிறுத்தினால் எலி ஒயரைக் கடிக்கும். அப்போதுதான் ஓடிவந்த வண்டியின் சைலன்சர் வைக்கோலைத் தொட்டால் போரே போய்விடும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டி

2015 டிசம்பர் முதல் நாள் பெய்த மழையைத் தாம்பரம் மறக்கவில்லை. 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அடையாறு பெருகி முடிச்சூர், வரதராஜபுரம், மேற்குத் தாம்பரம் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் மறுபடியும் தண்ணீர். வெள்ளம் வடிந்ததும் ‘ஓடுகிறதா பார்ப்போம்’ என்று கிக் அடிப்பதுதான் மூழ்கிய வண்டிக்குச் செய்யும் பெரிய கேடு. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் வேகமாக மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினையே பிரிக்கும் வேலையாகிவிடும்.

கிக்கரையும் செல்ஃப் பட்டனையும் தொடாமல், முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். கார்புரேட்டர் உள்ள பழைய வண்டியென்றால், பிளக்கைக் கழற்றிவிட்டு மெதுவாகக் கிக்கரை அழுத்தினால் உள்ளிருக்கும் தண்ணீர் அந்தத் துளை வழியாக வெளியே வரும். இன்ஜின் ஆயிலை வடித்துப் பார்த்தால், தண்ணீர் கலந்திருந்தால் பால் விட்ட டீயின் நிறத்தில் இருக்கும். புது ஆயில் ஊற்றிச் சில நிமிடம் ஓட்டி, அதையும் வடித்துவிட்டு, மறுபடி புதிதாக ஊற்றுவது வழக்கம். அதற்கு முன் பெட்ரோல் டேங்க்கையும் கார்புரேட்டரையும் காலி செய்ய வேண்டும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனமானது, டேங்க்கின் அடியில்தான் தங்கும். ஏர் ஃபில்டர், பிரேக் டிரம் இரண்டையும் திறந்து காயவைக்க வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் எக்ஸ்.எல். உட்பட பெரும்பாலானவை மின்னணுக் கட்டுப்பாட்டில் எரிபொருளைத் தெளிப்பவை. அவற்றில் பேட்டரியைக் கழற்றுவதோடு நிறுத்திக்கொண்டு, தள்ளிக்கொண்டோ ஏற்றிக்கொண்டோ பட்டறைக்குப் போவதே நல்லது.

வண்டியைத் தொடுவதற்கு முன் தண்ணீர்க் கோடு தெரியும்படி செல்போனில் படம் எடுத்துவைத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். இங்கேதான் பலருக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. 2018 செப்டம்பர் முதல் புது இருசக்கர வண்டிக்கு ஐந்தாண்டு காப்பீடு கட்டாயம் என்பதால், ஐந்தாண்டுக்கும் எல்லாம் சேர்த்தி என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த ஐந்தாண்டுக் கட்டாயம் மூன்றாம் நபருக்கான காப்பீட்டுக்கு மட்டும்தான். நம் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் இழப்புக்கு அது. வெள்ளம், தீ, திருட்டு ஆகியவற்றால் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்கு ‘ஓன் டேமேஜ்’ காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும். அது பெரும்பாலும் ஓராண்டுக்குத்தான் எடுக்கப்படுகிறது, இரண்டாம் ஆண்டிலேயே விட்டுப்போகிறது. புரட்டாசிக்குள் பாலிசித் தாளை எடுத்துத் தேதியைப் பார்த்துவிடுவது நல்லது. உரிமையாளரே ஓட்டும்போது விபத்து நேர்ந்தால் 15 லட்சம் ரூபாய் வரை தரும் தனிநபர் விபத்துக் காப்பீடு அதில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஓட்டுநர் உரிமம் காலாவதியாகியிருந்தால் அந்தத் தொகை கிடைக்காது.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் அது ஒரு சந்தை. விவசாயி அதை வெறுக்கக் காரணமில்லை. ஆனால், எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய், வாஷர்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. பத்து, பதினைந்து வருட வண்டியென்றால் பெட்ரோல் குழாய் வெடித்தோ கெட்டியாகியோ இருக்கிறதா என்று அவ்வப்போது தடவிப் பார்த்து, சந்தேகமிருந்தால் மாற்றிவிடலாம். விலை அதிகமில்லை. மாதக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதாக இருந்தால் டேங்க்கில் பெட்ரோலை விட்டுவைக்காதீர்கள்.

பால் சங்க வாசலில் ஒரு பம்பு

நகரத்து நண்பர்கள் வண்டி நிறுத்துமிடத்தில் கூடுவதைப் போல, கிராமத்திலும் தினம் இரண்டு வேளை எல்லா வண்டியும் வந்து சேரும் இடம் ஒன்று இருக்கிறது, பால் சங்கம். அங்கே பத்துப் பேர் சேர்ந்து ஒரு கால் பம்பு, காற்று அளக்கும் கேஜ், செயின் பிரஷ், பஞ்சர் ஒட்டும் சாமான், பின்சக்கர நட்டுக்குப் பொருந்தும் ஸ்பேனர் ஆகியவற்றை வாங்கி ஒரு பெட்டியில் வைத்தால் ஆளுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆகும். பால் ஊற்றிவிட்டு ரசீதுக்குக் காத்திருக்கும் நேரத்திலேயே காற்றும் செயினும் பார்த்துவிடலாம். பெட்டிச் சாவி யாரிடம் இருக்கும் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். எடுத்த ஸ்பேனர் திரும்பி வராமல் போவதில்தான் இப்படிப்பட்ட கூட்டு முயற்சிகள் உடைகின்றன. ஒரு நோட்டில் வண்டி எண், ஆயில் மாற்றிய தேதி, அன்றைய கிலோமீட்டர் ஆகியவற்றைக் குறித்துவைக்கும் வேலையைக் கல்லூரிக்குப் போகும் பையனிடமோ பெண்ணிடமோ கொடுத்தால், அடுத்த ஆயில் எப்போது என்று வண்டிக்காரரைவிட அவர்களுக்கே நன்றாக நினைவிருக்கும்.