பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்

சிகரெட் பெட்டியில் புற்றுநோய்ப் படம் சும்மா வந்துவிடவில்லை. சுகாதார அமைச்சராக இருந்த மைத்திரிபால சிறிசேன, பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம் மூட வேண்டும் என்று 2012இல் ஒழுங்குவிதி கொண்டுவந்தார். புகையிலைக் கம்பனி வழக்குப் போட்டது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் 60 வீதம் போதும் என்றது. சிறிசேன ஜனாதிபதியானதும், 2015 மார்ச்சில் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 வீதத்தை உறுதிசெய்தது. அதே மாதம், மருந்துக் கொள்கையில் பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய வழியில், தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டமும் நிறைவேறியது. 2016 ஒக்டோபரில் ராஜித சேனாரத்ன சுகாதார அமைச்சராக இருந்தபோது 48 மருந்துகளுக்கு உச்ச விலை வந்தது. சிறிசேன, ராஜித இருவரின் மற்ற அரசியல் எப்படியிருந்தாலும், இதற்காக நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் தேயிலைத் தோட்டத்தில் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குபவர் எத்தனை பேர்? ஒன்றிரண்டாக வாங்கும்போது படம் கடைக்காரரின் கையோடு நின்றுவிடுகிறது. கொழுந்தெடுக்கும் அம்மா வெற்றிலையோடு வாயில் அடக்கும் புகையிலைத் துண்டில் படமே கிடையாது. படத்தின் எச்சரிக்கை எட்டாத இடம் அது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, ஆறாத புண், வாய் திறக்க முடியாத இறுக்கம், இதில் எது இரண்டு வாரத்தைத் தாண்டினாலும் டிக்கோயா கிளங்கன், நுவரெலியா போன்ற அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்கள். காசு கேட்க மாட்டார்கள். வலிக்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். வாய்ப் புற்றுநோய் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

மருந்து விலையும் அப்படித்தான். பாமசியில் அட்டையை வெட்டி நாலு வில்லை தரும்போது விலை கண்ணில் படாது. பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள். அதே மருந்து வேறு பெயரில் மலிவாக இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

மளிகைக் கடைக்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. விலைப்பட்டியல் கண்ணில் படும்படி தொங்க வேண்டும். கேட்டால் பில் தந்தே ஆக வேண்டும். அச்சிட்ட உச்ச விலைக்கு மேல் விற்பதும், அந்த விலையை அழித்து வேறு விலை ஒட்டுவதும் குற்றம்.

சிக்கல், கடன் கொப்பியில் இருக்கிறது. சம்பளம் வரும்வரை கொப்பிக்கு வாங்கும் வீட்டில், பில் கேட்டால் அடுத்த மாதம் மாவும் பருப்பும் கிடைக்காமல் போகுமோ என்ற பயம் உண்டு. நியாயமான பயம்தான். அதனால் தனியாளாக முட்டிக்கொள்ளாமல், நாலைந்து வீட்டார் சேர்ந்து, அல்லது மாதர் சங்கத்தின் வழியாக முறைப்பாடு செய்யுங்கள். நுகர்வோர் விவகார அதிகாரசபையின் தொலைபேசி இலக்கம் 1977. எழுத்தில் கொடுக்கும் முறைப்பாடு, பொருள் வாங்கிய மூன்று மாதத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தமிழிலேயே எழுதலாம், அரசியலமைப்பு தந்த உரிமை அது. கெட்டுப்போன உணவென்றால் வீசிவிடாமல், பொதியோடு எடுத்துவைத்துப் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்குச் சொல்லுங்கள்.

கொப்பியில் மொத்தத் தொகையை மட்டும் எழுத விடாதீர்கள். திகதி, சாமான், அளவு, விலை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும். பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பியில் நீங்களும் அதையே ஒரு பிரதி எழுதி வையுங்கள்.